பதின்மூன்று வயதுக்கு எந்த அலுமாரி?

திருகோணமலை நூலகத்தில் பதின்ம வயதினருக்குப் புதுப் புத்தகங்கள் வந்திருப்பதாகவும், வாசிப்பு வட்டமும் எழுத்துப் பட்டறையும் வரப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். எனக்குப் பதின்மூன்று வயதில் ஒரு நூலகத்தில் சிறுவர் அட்டைதான் தந்தார்கள். பெரியவர்கள் பக்கம் எட்டிப் பார்த்தால், "தம்பி, அங்க என்ன தேடுறீர்?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். முயல் கதை அலுத்துவிட்டது, நாவலுக்கு அனுமதி இல்லை. பிறகென்ன, கிரிக்கெட்தான்.

புத்தகம் வந்தால் மட்டும் போதாது, கண்ணில் படவும் வேண்டும். நூலகங்கள் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியம் முழுக்க 894.811 என்ற எண்ணின் கீழ்தான் வரும். எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கான கதை, தடித்த நாவல்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். தனி அலுமாரியும் புத்தக முதுகில் ஒரு நிற ஸ்டிக்கரும் போதும், பெரிய செலவில்லை.

அப்புறம் வட்டத்துக்கும் பட்டறைக்கும் நேரம். பள்ளி ஒன்றரைக்கு விட்டதும் டியூஷன், சனி ஞாயிறும் அதே கதை. மூதூர், கிண்ணியாப் பிள்ளைகள் பஸ்ஸையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்குள் திணிக்கவும் வேண்டாம், இங்கே அப்போதுதான் மாரி மழை தொடங்கும். ஓகஸ்ட் விடுமுறையில் காலை பத்து மணிக்கு வைத்தால் என் மகளை நானே கூட்டிவருவேன். அட்டை எடுக்கப் பெற்றோர் கையெழுத்து போதுமா, வேறு பிணையாளரும் வேண்டுமா?