ஒக்டோபர் 21 இன் பெயரில் ஒரு வீதி வேண்டும்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் விலாசம் கேட்டால் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். 'எவ்விடம்?' என்று தொடங்குவார். ஊரைச் சொன்னால் 'ஊரில் எந்தப் பக்கம்?' என்பார். அதையும் சொன்னால் 'எந்தக் கோவிலடி?' என்பார். மூன்றாவது கேள்வியோடு சாதியைக் கண்டுபிடித்துவிடுவார். வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கும் பிள்ளைக்குச் சம்பந்தம் பேசப் போனவர்களுக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை. வீதிப் பெயரில் என்ன இருக்கிறது என்று இந்த ஊரில் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

என் கோரிக்கை இதுதான். காங்கேசன்துறை வீதியில் மாநகர சபை எல்லைக்குள் வரும் பகுதிக்கு 'ஒக்டோபர் எழுச்சி வீதி' என்று பெயர் வைக்க வேண்டும். பெருந்தெரு என்பதால் அதில் சட்டச் சிக்கல் வருமானால் முற்றவெளியை ஒட்டிய வீதிகளில் ஒன்று போதும்.

1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்தில் தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் ஒன்று புறப்பட்டது. சண்முகதாசன் தலைமையிலான சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சி ஒழுங்கு செய்த ஊர்வலம் அது. பொலிஸார் மறித்துத் தடியடி நடத்தினார்கள். அடி வாங்கியவர்கள் கலைந்து போகவில்லை. யாழ்ப்பாணம் முற்றவெளி வரை வந்து கூட்டம் நடத்தினார்கள். அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. அதற்குப் பிறகுதான் தேநீர்க் கடைகளிலும் கோவில் வாசல்களிலும் போராட்டங்கள் வலுத்தன.

சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது. ஆனாலும் கடைக்குள் இருந்தவருக்கு மூக்குப்பேணியில் தேநீர் வந்தது. வெளியே நின்றவருக்குத் தகரப்பேணியிலோ போத்தலிலோ கொடுத்தார்கள். குடித்தவரே அதைக் கழுவி வைத்துவிட்டுப் போக வேண்டும். காசு மட்டும் இருவருக்கும் ஒன்று. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலுக்குள் போக வந்தவர்களை மறித்து நின்றவர்களில் கணிதப் பேராசிரியரும் முன்னாள் அமைச்சருமான சி. சுந்தரலிங்கமும் ஒருவர். படிப்பு வந்தால் சாதி போய்விடும் என்று நம்புகிறவர்கள் இதை ஒரு தடவை யோசித்துப் பார்க்க வேண்டும்.

எல்லோருக்கும் வாக்குரிமை கூடாது என்று, ஆங்கிலேயர் ஆட்சியில் அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழுவின் காலத்தில் வாதாடிய சேர் பொன். இராமநாதனின் பெயரில் நமக்கு வீதி இருக்கிறது. அவர் கட்டிய பாடசாலைகளுக்காக அது இருக்கட்டும். விக்ரோரியா மகாராணிக்கும் வீதி இருக்கிறது. சுன்னாகத்தில் அடி வாங்கிக்கொண்டு நடந்து வந்தவர்களுக்கு மட்டும் ஏன் இல்லை?

பெயர்ப்பலகை சோறு போடுமா என்று கேட்பவர்கள் உண்டு. இது நியாயமான கேள்வி. 2020 இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஃபுளோயிட் என்ற கறுப்பினத்தவர் பொலிஸாரால் கொல்லப்பட்ட பிறகு வாஷிங்டன் நகர மேயர் வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள 16 ஆம் வீதியின் ஒரு பகுதிக்குக் கறுப்பின உரிமை இயக்கத்தின் பெயரை வைத்தார். அதற்குச் சில நாட்கள் முன்புதான் அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஆர்ப்பாட்டக்காரரைக் கண்ணீர்ப்புகை அடித்து விரட்டியிருந்தார்கள். 35 அடி உயர மஞ்சள் எழுத்துகளை வீதியிலேயே தீட்டினார்கள். அந்த இயக்கத்தின் உள்ளூர்க் கிளையே இதை வெறும் காட்சி என்று கண்டித்தது. பொலிஸுக்கு ஒதுக்கும் பணத்தைக் குறையுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. கண்டித்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் 2025 மார்ச்சில் என்ன நடந்தது? பெயரை மாற்றாவிட்டால் நகரத்துக்கான நிதியை வெட்டுவோம் என்று காங்கிரஸில் சட்டமூலம் வந்தது. அந்த மேயரே இயந்திரங்களை வைத்து எழுத்துகளைக் கிளறி எடுத்தார். வெறும் பெயர் என்றால் அதை அழிக்க இவ்வளவு அவசரம் எதற்கு? மேலிருந்து ஒருவர் கொடுத்த பெயரை மேலிருந்து இன்னொருவர் நெருக்கிப் பறித்துக்கொள்ள முடியும் என்பதையும் அங்கேதான் பார்த்தேன். ஆகவே நமது பெயர் ஒரு தலைவரின் கருணையாக வரக்கூடாது. ஊர்ச் சங்கங்களில் பேசி, கையெழுத்து வாங்கி, சபையில் பகிரங்கமாக விவாதித்து வர வேண்டும். எதிர்க்கிறவர்களும் எழுந்து நின்று தங்கள் காரணத்தைச் சொல்லட்டும், அது பதிவாகட்டும்.

இன்னும் சிலர், இனப்பிரச்சினை தீராத நேரத்தில் பழைய புண்ணைக் கிளறலாமா என்கிறார்கள். எது பழையது? 2018 இல் வரணியில் ஒரு கோவில் தேரை மண் அள்ளும் இயந்திரத்தைப் பூட்டி இழுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினர் வடம் பிடித்துவிடக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்று ஊர் சொன்னது, பத்திரிகைகள் எழுதின. கடவுளின் தேரை அடுத்த வீட்டு மனிதன் தொடுவதைவிட இரும்பு இழுப்பது மேல் என்று நினைக்கிற மனம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. அதே வடக்கில்தான் உரிமை, சமத்துவம் என்று கொழும்பிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேட்க வேண்டும், விடாமல் கேட்க வேண்டும். ஆனால் நாம் கொடுக்க மறுப்பதை எந்த முகத்தோடு கேட்பது?

அன்று இருபது வயதில் நடந்தவர்களுக்கு இப்போது எண்பது வயதாகிறது. இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள். பலகையில் என்ன எழுத வேண்டும் என்பதை அவர்களிடம் கேளுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், திகதியோடு, தீண்டாமை என்ற சொல்லை மறைக்காமல் எழுதுங்கள். திறந்து வைக்க அமைச்சர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் வேண்டாம்; அந்த ஊர்வலத்தில் நடந்த ஒருவர் திறந்து வைக்கட்டும். அடுத்த ஒக்டோபருக்குள் இது நடக்க வேண்டும் என்கிறேன். சபை உறுப்பினர்கள் யாராவது இதை வாசித்தால், பிரேரணையை யார் கொண்டுவரப் போகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.