மூணு அஞ்சுக்கு லைட் எரிஞ்சது

வீட்டுக்காரர்: ஏம்மா செல்வி, ராத்திரியில உங்க வீட்ல என்னதான் நடக்குது? பன்னெண்டு பத்துக்கு லைட் எரியுது. ஒண்ணு நாப்பதுக்கு எரியுது. மூணு அஞ்சுக்கும் எரியுது. எல்லாம் குறிச்சு வச்சிருக்கேன்.

செல்வி: பொண்ணுக்குப் பப்ளிக் எக்ஸாம் சார், படிக்கிறா. மூணு அஞ்சுக்கு நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?

வீட்டுக்காரர்: பாத்ரூமுக்கு எழுந்தேன்.

செல்வி: ஒண்ணு நாப்பதுக்கு?

வீட்டுக்காரர்: அதுக்குத்தான். பன்னெண்டு பத்துக்கும் அதுக்குத்தான். பேச்சை மாத்தாத.

செல்வி: மாத்தல சார். தண்ணி தவிக்குதா?

வீட்டுக்காரர்: நாக்கு ஒட்டிக்குதும்மா. தலைமாட்டுல ஒரு சொம்பு வச்சா விடியறதுக்குள்ள காலி. அதான் அடிக்கடி போகுது.

செல்வி: தலைகீழா சொல்றீங்க. அடிக்கடி போறதாலதான் தாகமே. ரத்தத்துல சர்க்கரை 180ஐத் தாண்டினா, கிட்னியால பிடிச்சு வைக்க முடியாம யூரின்ல விட்டுடும். அது போறப்ப தண்ணியையும் இழுத்துட்டுப் போகும். குடித்தனக்காரர் காலி பண்றப்ப ஃபேனையும் கழட்டிட்டுப் போற மாதிரி.

வீட்டுக்காரர்: போன தடவை இருந்தவன் ரெண்டு ஃபேன்மா! அதையும் குறிச்சு வச்சிருக்கேன்.

செல்வி: சார், சுகர்!

வீட்டுக்காரர்: எனக்கா? வயசானா நாலு தடவை போகத்தான் செய்யும்.

செல்வி: புராஸ்டேட்டா கூட இருக்கலாம். பாத்தாதானே தெரியும்?

வீட்டுக்காரர்: அதை விடு. உன் பையன் கேக்கைச் சிந்திச் சிந்தி, எங்க பாத்ரூம் பூரா எறும்பு.

செல்வி: உங்க பாத்ரூம்ல வந்து எங்க பையன் எதுக்கு சார் கேக் சாப்பிடறான்?

(வீட்டுக்காரர் டைரியைப் புரட்டுகிறார். அதில் எறும்புக்குப் பக்கம் இல்லை.)

செல்வி: மக்களைத் தேடி மருத்துவத்துல ஒரு அக்கா சுகர் பாக்க வாசல் வரைக்கும் வந்தாங்களே, ஊர்ல இல்லேன்னு என்னைச் சொல்லச் சொன்னீங்க.

வீட்டுக்காரர்: கையில நோட்டு இருந்தது. வீட்டு வரி கேக்க வந்தவங்கன்னு நெனச்சுட்டேன்.

செல்வி: வெஸ்ட் மாம்பலத்துல தடுக்கி விழுந்தா ஒரு லேப். வெறும் வயித்துல போய் ரத்தம் கொடுத்துட்டு வாங்க. 126ஓ அதுக்கு மேலயோ வந்தா டாக்டரைப் பாருங்க.

வீட்டுக்காரர்: திங்கக்கிழமை போறேன். அதுக்குள்ள ரெண்டு நாள் சக்கரை போடாம காபி குடிச்சுட்டா ரிசல்ட் சுத்தமா வந்துடும்.

செல்வி: ஹெச்பிஏ1சின்னு ஒரு ரத்த டெஸ்ட்டு, அதையும் எடுக்கச் சொல்லுங்க. அதுகிட்ட ரெண்டு நாள் வேஷம் பலிக்காது. போன மூணு மாச சர்க்கரையையும் குறிச்சு வச்சிருக்கும்.

வீட்டுக்காரர்: (டைரியை மூடி) சரி சரி. அந்த மூணு அஞ்சு லைட்டுக்குக் கரண்ட்டு காசு தனியா...

செல்வி: யூனிட்டுக்குப் பத்து ரூபா வாங்கறீங்களே சார், அதையும் லேப்ல காட்டுங்க. அதுவும் நார்மல் இல்ல.