வேட்டங்குடிப் பறவையின் காலில் இருப்பது உளவுக் கருவி அல்ல

"வேட்டங்குடிப்பட்டி கண்மாய்க்கு வரும் பறவைகளின் காலில் வெளிநாட்டு மியூசியம் உளவுக் கருவி கட்டியிருக்கிறது, பார்த்தால் பிடித்துக் கொடுங்கள்" என்று சிவகங்கை மாவட்டக் காரைக்குடி, திருப்பத்தூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

அது வெறும் உலோக வளையம். பேட்டரியும் கிடையாது, கேமராவும் கிடையாது. வளையத்தில் ஒரு எண்ணும், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதும் இருக்கும். இந்தியாவில் அது பெரும்பாலும் மும்பையில் 1883இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். பிரிட்டன் வளையங்கள் பலவற்றில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பெயரே பொறித்திருக்கும். வதந்தி அங்கிருந்துதான் கிளம்பியதோ என்னவோ! சில பறவைகளுக்கு இடம் காட்டும் சிறு கருவி பொருத்துவதும் உண்டு. அதுவும் வலசைப் பாதையை அறியத்தான்.

சரி, அருங்காட்சியகத்துக்குப் பறவையிடம் என்ன வேலை? 1967இல் ராட்கிளிஃப் என்ற பிரிட்டன் ஆய்வாளர், அருங்காட்சியகச் சேகரிப்புகளிலும் தனியாரிடமும் இருந்த, பொரி வல்லூறு என்ற வேட்டைப் பறவையின் பழைய முட்டைகளைப் புதியவற்றோடு ஒப்பிட்டார். 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்திருந்தது. டிடிடி பூச்சிமருந்துதான் காரணம் என்பது பிறகு உறுதியானது. பழைய முட்டைகளை யாரும் பாதுகாத்திருக்காவிட்டால் இது தெரிந்தே இருக்காது.

வளையத்தோடு பறவையைக் கண்டால் பிடிக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். எண்ணைப் படமெடுத்து அந்தக் கழகத்துக்கோ வனத்துறைக்கோ அனுப்பினால் விவரம் தெரிந்துவிடும். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடாத ஊர் வேட்டங்குடிப்பட்டி. அந்தச் செய்தியை மேற்கொண்டு பகிராதீர்கள்.