பீட்டா சோதனை நடந்தது, புகாரும் வந்தது

2018 அக்டோபர் விண்டோஸ் 10 அப்டேட் ஃபைல்களை அழித்ததற்கு, பயனர்களிடம் கொடுத்துச் சோதிக்காததுதான் காரணம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. மைக்ரோசாஃப்ட்டின் இன்சைடர் திட்டத்தில், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பைச் சோதிக்கும் பீட்டா திட்டத்தில், இருந்த பயனர்கள் மாதக்கணக்கில் அதைப் பயன்படுத்தினார்கள். டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை வேறு டிரைவுக்குத் திருப்பிவிட்டு, பழைய இடத்திலும் ஃபைல் வைத்திருந்தவர்கள்தான் முக்கியமாக மாட்டினார்கள். பழைய இடத்தில் மிஞ்சும் காலி ஃபோல்டரை நீக்க அப்டேட்டில் எழுதிய கோட், உள்ளே இருந்ததையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. வெளியீட்டுக்கு முன்பே சிலர் இதை ஃபீட்பேக் ஹப்பில் (பயனர்கள் புகார் எழுதவும், மற்றவர் புகாருக்கு ஆதரவு வாக்குப் போடவும் உள்ள விண்டோஸ் செயலி) சொல்லியிருந்தார்கள். புகார்கள் குறைவு, ஆதரவு வாக்கும் குறைவு, அதனால் கவனிக்கப்படவில்லை. ஒருவருடைய ஃபோட்டோ மொத்தமும் போவதை வாக்கு எண்ணியா மதிப்பிடுவது? அக்டோபர் 2-ல் வந்த அப்டேட்டைச் சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அப்புறம்தான் ஃபீட்பேக் ஹப் புகாரில் பாதிப்பின் தீவிரத்தைக் குறிக்கும் வசதியைச் சேர்த்தார்கள். அப்டேட் நவம்பர் 13-ல் மறுபடி வந்தது.