கடன் அட்டை நிலுவை: தவணை தவறும் முன்பே வங்கியிடம் எழுதிக் கேளுங்கள்

கடன் அட்டைக்கு மாதாமாதம் ஒழுங்காகப் பணம் கட்டி வந்த ஒருவருக்கு வேலை போய்விட்டால், அல்லது வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் படுத்துவிட்டால், அவர் யார் யாரிடம் உதவி கேட்கிறார் என்பதைச் சில காலமாகக் கவனித்து வருகிறேன். மைத்துனரிடம் கைமாற்று கேட்கிறார். வீட்டு நகையை அடகுக் கடைக்குக் கொண்டு போகிறார். ஓர் அட்டையில் பணம் எடுத்து இன்னோர் அட்டைக்குக் கட்டுகிறார். கைப்பேசிச் செயலிகளில் சிறுகடன் வாங்குகிறார். எல்லா வழியும் அடைபட்ட பிறகு, மீட்டர் வட்டிக்குக் கொடுப்பவரின் வாசலில் போய் நிற்கிறார். இவ்வளவு பேரிடம் கேட்பவர், கடன் கொடுத்த வங்கியிடம் மட்டும் "என் வருமானம் குறைந்துவிட்டது, முழுத் தொகையை என்னால் கட்ட இயலாது, ஏதாவது வழி செய்யுங்கள்" என்று கேட்பதே இல்லை. வசூல் முகவர் தொலைபேசியில் அழைத்த பிறகுதான் வங்கியோடு பேச்சே தொடங்குகிறது. இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்குக் கடன் வாங்கியவர் செய்ய வேண்டியவை சில உண்டு. வங்கிகளும் ரிசர்வ் வங்கியும் செய்ய வேண்டியவை அதைவிட அதிகம்.

கேட்கத் தயங்குவதற்குப் பெரிய காரணம் மானம். கடன் வாங்கியதை ஊரறியச் சொல்வது நம் குடும்பங்களில் இன்றும் தலைகுனிவாகவே கருதப்படுகிறது. அதற்கு அடுத்தது பயம். வங்கியிடம் உண்மையைச் சொன்னால் உடனே வழக்கு வரும், காவல்துறை வரும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். வருமானம் இழந்ததால் கடன் அட்டை நிலுவையைக் கட்ட முடியாமல் போவது குற்றம் அன்று. அது உரிமையியல் விவகாரம். ஏமாற்றும் நோக்கம் இல்லாத நிலையில், பணம் கட்டவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைக் கைது செய்துவிட முடியாது. காசோலை கொடுத்து அது பணமின்றித் திரும்பினால் மட்டும் நிலைமை வேறு. ஆகவே யார் எவ்வளவு நெருக்கினாலும், கணக்கில் பணம் இருக்காது என்று தெரிந்தே காசோலை எழுதிக் கொடுக்காதீர்கள்.

காலம் தாழ்த்துவதன் விலை என்ன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஒரு லட்சம் ரூபாய் நிலுவை இருக்கிறது என்று கொள்வோம். மாத வட்டி 3.5 விழுக்காடு, ஆண்டுக்கு 42 விழுக்காடு. பல அட்டைகளில் வட்டி இந்த அளவில்தான் இருக்கிறது. முதல் மாத வட்டி 3,500 ரூபாய், அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 630 ரூபாய், ஆக 4,130 ரூபாய். குறைந்தபட்சத் தொகை, அதாவது தவணை தவறாமல் இருக்க அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய தொகை, நிலுவையில் 5 விழுக்காடு என்றால் நீங்கள் கட்டும் 5,000 ரூபாயில் அசலுக்குப் போவது 870 ரூபாய்தான். இப்படியே ஓராண்டு, புதிதாக எதுவும் வாங்காமல், குறைந்தபட்சத் தொகையை மட்டும் ஒழுங்காகக் கட்டி வந்தால் ஏறத்தாழ 57,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். கடனோ ஏறத்தாழ 10,000 ரூபாய்தான் குறைந்திருக்கும். இதே ஒரு லட்சத்தை 16 விழுக்காடு ஆண்டு வட்டியில் 24 மாதத் தவணையாக மாற்றித் தந்தால், ஜிஎஸ்டியையும் சேர்த்து மாதம் சுமார் 5,000 ரூபாய் வரும். இரண்டு ஆண்டில் கடன் முழுவதும் தீர்ந்துவிடும். கையிலிருந்து மாதந்தோறும் போகும் பணம் முதலில் ஏறக்குறைய ஒன்றுதான். முடிவு எவ்வளவு வேறுபடுகிறது என்று பாருங்கள். உதவி கேட்பது என்று நான் சொல்வது பெரும்பாலும் இந்த மாற்றத்தைக் கேட்பதுதான்; கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்வது அன்று.

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்த நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்த பிறகு அவருடைய நிறுவனத்துக்கு வந்துகொண்டிருந்த ஆர்டர்கள் நின்றன. அவருக்குச் சம்பளம் முதலில் பாதியானது, பிறகு வேலையே இல்லாமல் போனது. அவர் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார். ஒரு தவணையும் தவறாத நிலையிலேயே வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, தவணை மாற்றம் வேண்டும் என்று கேட்டார். "உங்கள் கணக்கு ஒழுங்காக இருக்கிறது சார், குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டு வாருங்கள், ஒன்றும் ஆகாது" என்பதே அவருக்குக் கிடைத்த பதில். சேமிப்பு கரைந்து தவணைகள் தவறிய பிறகு, அதே வங்கியின் வசூல் பிரிவு அவரை அழைத்து, முன்பு அவர் கேட்ட அதே தவணைத் திட்டத்தைத் தானாக முன்வந்து கொடுத்தது. அதற்குள் தாமதக் கட்டணங்கள் ஏறியிருந்தன, கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் சிபில் மதிப்பெண் சரிந்திருந்தது, வீட்டில் தூக்கம் போயிருந்தது.

இது ஒரு தொலைபேசி ஊழியரின் பிழை அன்று. அவருக்கு அந்த அதிகாரத்தை யாரும் கொடுக்கவில்லை. குறைந்தபட்சத் தொகை, அதற்குரிய கெடு நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முழுமையாக வந்து சேராவிட்டால் அந்தக் கணக்கை வாராக்கடனாக வகைப்படுத்த வேண்டும் என்பது விதி. அந்த எல்லையை ஒரு கணக்கு நெருங்கும்போதுதான் வங்கிக்கு அவசரம் வருகிறது. விட்டுக்கொடுக்கும் அதிகாரமும் வசூல் பிரிவிடமே குவிந்திருக்கிறது. அதுவரை ஒழுங்காக வட்டி கட்டிக்கொண்டிருப்பவரின் துன்பம் வங்கியின் கணக்கேட்டில் எங்கும் தெரிவதில்லை. நேர்மையாக முன்கூட்டியே வந்து சொல்பவருக்கு வழியில்லை, தவறிய பிறகு வழி உண்டு என்ற ஏற்பாடு, கடனாளிக்குக் கற்றுக்கொடுக்கும் பாடம் தவறானது. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

இருந்தும் முன்கூட்டியே கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன், ஆனால் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டதற்குச் சான்று இல்லை. வங்கியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்கு எழுதி, புகார் எண்ணையோ கோரிக்கை எண்ணையோ பெற்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு, வங்கியின் இணையதளத்தில் உள்ள அவருடைய முகவரிக்கு, அதையே அனுப்புங்கள். முகவரியையும் எண்ணையும் அட்டையின் பின்புறத்திலிருந்தோ வங்கியின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டும் எடுக்க வேண்டும். கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்கும் எண் மோசடிக்காரருடையதாக இருக்கக்கூடும். கடிதத்தில் கண்ணீர் தேவையில்லை. வருமானம் எப்போது, எதனால் குறைந்தது, இப்போது வீட்டுக்கு மாதம் எவ்வளவு வருகிறது, வாடகையும் மளிகையும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் போக எவ்வளவு மிஞ்சுகிறது, அதில் இந்த அட்டைக்கு எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு கட்ட முடியும் என்பவை இருக்க வேண்டும். பணி விடுவிப்புக் கடிதம், மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றின் நகல்களை இணைத்துவிடுங்கள். நிலுவையைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றுவது, ஏறிவிட்ட தாமதக் கட்டணத்தை நீக்குவது, அட்டையில் புதிய செலவை நிறுத்தி வைப்பது ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். எல்லாவற்றையும் விட, கட்ட முடிந்ததைவிட ஒரு ரூபாய்கூட அதிகம் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெட்கத்தில் அதிகம் சொல்லிவிட்டு இரண்டாம் தவணையிலேயே தவறுபவர்களுக்கு, மறுபடியும் கேட்கும் வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை.

பலர் கவனிக்காத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சம்பளக் கணக்கும் கடன் அட்டையும் ஒரே வங்கியில் இருந்தால், பெரும்பாலான அட்டை ஒப்பந்தங்களில் அந்தக் கணக்கிலிருந்து நிலுவையை ஈடுசெய்துகொள்ளும் உரிமையை வங்கி எழுதி வைத்திருக்கிறது. அடுத்த மாத வாடகைப் பணம் அந்தக் கணக்கில் இருக்குமானால், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

தவணை மாற்றமும் செட்டில்மென்டும் ஒன்றல்ல. செட்டில்மென்ட் என்பது நிலுவையில் ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்டு மீதியை வங்கி விட்டுக்கொடுப்பது. அது உங்கள் கடன் அறிக்கையில் "செட்டில்டு" என்றே பதிவாகும், பின்னாளில் வீட்டுக்கடன் கேட்கும்போது முன்னால் வந்து நிற்கும். வேறு வழியே இல்லாதவருக்கு அது சரியான வழிதான். அதற்காக யாரும் கூனிக் குறுக வேண்டியதில்லை. ஆனால் வங்கியின் கடிதத்தாளில் தொகையும் கெடு தேதியும் எழுதி வந்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும், கட்டி முடித்ததும் நிலுவை இல்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். லோக் அதாலத்திலிருந்து நோட்டீஸ் வந்தாலும் பயப்பட வேண்டாம். அது சமரசம் பேசும் இடம். அங்கே கையெழுத்திட்ட தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால், தொகையை இரண்டு முறை படித்த பிறகு கையெழுத்திடுங்கள். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், வாங்கிச் சரிபாருங்கள்.

நகையைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டிக் கணக்கு மட்டும் பார்த்தால், வங்கியில் நகைக்கடன் வாங்கி 42 விழுக்காட்டுக் கடனை அடைப்பது லாபம்தான், ஏனென்றால் நகைக்கடன் வட்டி அதில் ஒரு சிறு பங்கு. ஆனால் வருமானமே இல்லாத நேரத்தில் அடகு போகும் நகை திரும்பி வருமா என்பதை, அந்த நகைக்கு உரிய பெண்ணையும் அருகில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். வட்டிக்காரரிடம் போவதை மட்டும் எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது. கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றைத் தடை செய்து 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தும் அந்தத் தொழில் ஒழியவில்லை. வங்கியின் வசூலுக்கு இருக்கும் கட்டுப்பாடுகள் எதுவும் அங்கே இல்லை.

வங்கியின் வசூலுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு என்பதையும் எல்லோரும் அறிய வேண்டும். 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ முகவர்கள் வசூலுக்காக அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, பலர் முன்னிலையில் அவமானப்படுத்தக் கூடாது, உறவினரையும் நண்பரையும் தொல்லை செய்யக் கூடாது. மீறினால் நேரத்தைக் குறித்து, குறுஞ்செய்திகளைச் சேமித்து, வங்கிக்கே முதலில் புகார் எழுதுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் நிறைவு தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் இணையவழியாகப் புகார் செய்யலாம்; கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இவையெல்லாம் துன்பம் முற்றிய பிறகு கிடைக்கும் பாதுகாப்புகள். அதற்கு முந்தைய கட்டத்துக்கு நம்மிடம் நிரந்தர ஏற்பாடு எதுவும் இல்லை என்பதே என் மனக்குறை. முடியாத காரியம் என்று இதைச் சொல்ல முடியாது, ஏனெனில் ஒரு முறை செய்திருக்கிறோம். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கடன் தவணைகளை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தபோது கடன் அட்டைகளும் அதில் அடங்கின. அந்தக் காலத்துக்கும் வட்டி ஓடியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு, 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு வட்டிமேல் வட்டியை அரசே ஏற்றது. அதே ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட மறுசீரமைப்புத் திட்டம் தனிநபர் கடன்களுக்கு இரண்டு ஆண்டு வரை காலநீட்டிப்புத் தர வழிசெய்தது. ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் துன்பப்பட்டபோது கிடைத்த இந்த வழி, ஒரு குடும்பம் தனியாகத் துன்பப்படும்போது ஏன் கிடைக்கக் கூடாது?

பிரிட்டனில் 2018 முதல், தொடர்ந்து 18 மாதங்கள் அசலைவிட வட்டியையும் கட்டணத்தையுமே அதிகமாகக் கட்டி வரும் அட்டைதாரரை நிறுவனமே தொடர்புகொள்ள வேண்டும். அதே நிலை 36 மாதங்கள் நீடித்தால், நியாயமான காலத்துக்குள் கடன் தீர நிறுவனம் வழி காட்ட வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடன் ஆலோசகர் மூலம் விண்ணப்பிப்பவருக்கு, பெரும்பாலான கடன்களின் மீது வட்டியும் வசூல் நடவடிக்கையும் 60 நாட்கள் நிறுத்தி வைக்கப்படும் சட்டம் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. இங்கேயோ, அட்டை வட்டி ஆண்டுக்கு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அளித்த தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. வட்டிக்கு உச்சவரம்பு இல்லை என்றாகிவிட்ட பிறகு, தவறுவதற்கு முன்பே உதவி கேட்கும் வழி முன்னைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.

ஆகவே ரிசர்வ் வங்கியிடம் நான் கேட்பது இதுதான். அட்டை வழங்கும் ஒவ்வொரு வங்கியும் வசூல் பிரிவிலிருந்து தனியாக ஓர் இடர்கால உதவிப் பிரிவை வைக்க வேண்டும். தவணை தவறாதவரும் அதை அணுக முடிய வேண்டும். கோரிக்கைக்கு ஏற்பு என்றோ மறுப்பு என்றோ, மறுத்தால் காரணத்தோடு, கெடுவுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். அந்தப் பதில் வரும் வரை தாமதக் கட்டணம் ஏறக் கூடாது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் கடன் தீர ஆண்டுகள் ஆகும் என்ற எச்சரிக்கையை மாதாந்திர அறிக்கையில் அச்சிடும்படி ரிசர்வ் வங்கி ஏற்கெனவே கட்டாயப்படுத்தியிருக்கிறது. அந்த எச்சரிக்கைக்கு நேர்கீழே, அதே எழுத்தளவில், உதவிப் பிரிவின் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் தமிழிலும் அச்சிடும்படி கட்டாயப்படுத்தட்டும்.