மண்ணைத் தோண்டுகிறவருக்கு அரசியல் கிடையாதாம்

சனிக்கிழமை தொல்லியல் கூட்டத்தில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. வீடியோ எல்லார் போனிலும் சுற்றிவிட்டது. வெளிநாட்டுத் தொல்லியல் நிறுவனங்கள் போர்க்காலத்திலும் அறிவுப்பணி மட்டுமே செய்தன, அவற்றுக்கு அரசியல் கிடையாது என்றார் பேச்சாளர். ஏதென்ஸ் கதை என்ன ஆயிற்று என்று எழுந்து கேட்டேன். “வாட்ஸ்அப் வரலாறெல்லாம் இங்கே வேணாம், உட்காருங்க” என்றார் நெறியாளர். அரங்கமே சிரித்தது. சரி, உட்கார்ந்துவிட்டேன். இங்கே யாரும் உட்காரச் சொல்ல முடியாது.

ஏதென்ஸில் இருந்த ஜெர்மன் தொல்லியல் நிறுவனத்துக்கு 1937 முதல் தலைவர் வால்டர் விரேடே. கிரீஸில் நாஜிக் கட்சிக் கிளைக்கும் அதே ஆள்தான் தலைவர். காலையில் பானை ஓடு, சாயங்காலம் கட்சிக் கூட்டம். 1941 ஏப்ரலில் ஜெர்மன் படை ஏதென்ஸைப் பிடித்து, பழைய கோயில்கள் நிற்கும் அக்ரோபொலிஸ் குன்றின் மேல் ஸ்வஸ்திகா கொடி ஏற்றியபோது அவர் அறிவுப்பணிக்காகத்தான் பூரித்திருப்பார் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

“அது நாஜி, அவனைப் போய் உதாரணம் காட்டலாமா?” என்று உடனே ஒருவர் வருவார். வாங்க. 1914 தொடக்கத்தில் லாரன்ஸ், வூலி என்ற பிரிட்டிஷ் தொல்லியலாளர்கள் பைபிள் கால இடங்களைத் தேடுவதாகச் சொல்லி, இன்றைய இஸ்ரேலின் தெற்கே இருக்கும் நெகேவ் பாலைவனத்தில் அலைந்தார்கள். கூடவே பிரிட்டிஷ் ராணுவம் வரைபடம் போட்டுக்கொண்டது. முதல் உலகப் போரில் சில்வானஸ் மார்லி என்ற மாயா ஆய்வாளர் அகழாய்வுப் பெயரில் மத்திய அமெரிக்காவில் அமெரிக்கக் கடற்படைக்கு உளவு பார்த்தார். இதெல்லாம் அசிங்கம் என்று 1919இல் ஃபிரான்ஸ் போவாஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், யார் பெயரையும் சொல்லாமல். அமெரிக்க மானிடவியல் சங்கம் கண்டனத் தீர்மானம் போட்டது. யார் மீது? உளவு பார்த்தவர்கள் மீதா? போவாஸ் மீது! 20க்கு 10 ஓட்டு. கேட்டவனைத்தான் உட்காரச் சொன்னார்கள். சனிக்கிழமை ராத்திரி எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

அவ்வளவு தூரம் ஏன், புதுச்சேரிப் பக்கத்தில் இருக்கும் நம்ம அரிக்கமேடு. 1945இல் அங்கே தோண்டிய பிரிட்டிஷ் தொல்லியலாளர் வீலர் ராணுவத்தில் பிரிகேடியர். போர்முனையில் இருந்தவரைக் கூட்டிவந்து இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவர் ஆக்கியிருந்தார்கள். பிரெஞ்சு ஆட்சி மண்ணில் பிரிட்டிஷ் பிரிகேடியர் எப்படித் தோண்ட முடிந்தது? 1940இலேயே புதுச்சேரி, பிரிட்டனோடு சேர்ந்து ஜெர்மனியை எதிர்த்த தெகோல் பக்கம் சாய்ந்திருந்தது. ஜெர்மனிக்கு இணங்கிப்போன விஷி பிரெஞ்சு அரசின் பக்கம் நின்றிருந்தால் குழி தோண்ட அனுமதியா கிடைத்திருக்கும்?

என் தாத்தா அங்கே மண் கூடை சுமந்தவர். என்ன கூலி என்பது ஆயாவுக்கு மறந்துபோனது, சும்மாடு வைத்த இடத்தில் தாத்தாவுக்கு முடி வளராமல் போனது மறக்கவில்லை. மழை விட்ட மறுநாள் பக்கத்துக் காக்காயந்தோப்புப் பிள்ளைகள் பழங்காலப் பாசிமணி பொறுக்கப் போவார்களாம். அப்படி எடுத்த நீல மணி ஒன்று ஆயாவின் வெற்றிலைப் பெட்டியில் கடைசி வரை கிடந்தது. தையல் ஊசி கூட நுழையாத துளை. சின்ன வயதில் நான் அதில் நூல் கோக்கப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன்.

“பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் சேர்த்து வைக்காவிட்டால் சைவ ஓலைச்சுவடிகள் செல்லரித்துப் போயிருக்கும், நன்றி வேண்டாமா?” என்றும் கேட்பார்கள். வேண்டும். 2005இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தபோது நானும்தான் சந்தோஷப்பட்டேன். அவை இருக்கும் நூலகத்தில் உட்கார்ந்து படித்தும் இருக்கிறேன். ஆனால் நன்றி சொன்னவன் கேள்வி கேட்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? நம்ம ஊரில் கிளை வைத்திருக்கும் தூரக்கிழக்குப் பிரெஞ்சுக் கல்விக்கூடம்தான் இரண்டாம் உலகப் போர் நடுவில் கம்போடியாவின் பழைய கெமர் சிற்பங்களை டோக்கியோவுக்கு அனுப்பியது. அப்போது கம்போடியாவும் சேர்ந்த பிரெஞ்சு இந்தோசீனாவில் ஜப்பான் படை நின்றுகொண்டிருந்தது. இதற்குப் பெயர் கலைப் பரிமாற்றம்!

“எல்லாம் பழைய கதை” என்பவர்களுக்குப் பதில் கிடையாது. தொல்லியல் கூட்டத்துக்கு வந்து பழைய கதை வேண்டாம் என்கிறவரிடம் என்ன பேசுவது.

உண்மையைச் சொல்கிறேன், ஏதென்ஸ் கூடப் பரவாயில்லை. அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை. சிரித்ததில் பாதிப்பேர் எனக்குத் தெரிந்தவர்கள். ரெண்டு பேர் இந்தப் பதிவையும் படிப்பார்கள்.

அப்புறம், வீடியோவில் நான் கத்துவதாகச் சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு யாரும் மைக் கொடுக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து வேறு எப்படிக் கேட்பதாம்?