"நோகுது" என்றால் கையை எடுங்கள்

நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்கிற அந்த வீடியோவைப் பற்றித்தான். காலை விரித்து உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் முதுகை, உடம்பு வளைய வேண்டுமென்று, ஒருவர் முழங்காலால் அமுக்குகிறார். பிள்ளை மண்ணைப் பிறாண்டிக்கொண்டு அழுகிறது. கீழே நம்மட ஆக்கள் எழுதுகிறார்கள், இப்படிப் பழக்கினால்தான் மெடல் வருமாம்.

வராது. தசை அப்படி நீளாது.

தசைக்குள் இழுவையை உணர்கிற நரம்பு முனைகள் இருக்கின்றன. சடாரென்று இழுத்தால் தசை தன்னைக் காக்கச் சுருங்கும். சுருங்குகிற தசையை இன்னும் அமுக்கினால் நார் கிழியலாம். இழுவை தெரிய வேண்டும், நோகக் கூடாது. அந்த இடத்தில் 10 முதல் 30 விநாடி நிறுத்தி, மூச்சை விட்டு, கிழமைக்கு இரண்டு மூன்று நாள் செய்தால் உடம்பு மெல்ல மெல்ல வளையும். அப்போதும் பெரும்பாலும் மாறுவது தசையின் நீளமல்ல, இழுவையைத் தாங்க நரம்பு பழகுகிறது. அழுகிற பிள்ளையின் நரம்பு எதைப் பழகும்?

எனக்கு அப்போது 15 வயது. மட்டக்களப்பு, கல்லடிக் கடற்கரை. 100 மீற்றர் ஓட்டத்துக்கு முன், கரையில் ஏற்றியிருந்த தோணியில் என்னைச் சாய்த்து, காலைத் தன் தோளில் வைத்துத் தூக்கினார் சேர். "நோகுது சேர்" என்றேன். "நொந்தாத்தான் மனே வளையும்" என்றார். பின்தொடையில் பழந்துணி கிழிகிற மாதிரி ஒன்று. மறுகா நாலாம் நாள் முழங்கால் மடிப்புவரை நீலம் இறங்கியிருந்தது. அந்த வருடம் நான் ஓடவேயில்லை.

ஓடுவதற்குச் சற்றுமுன் ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தாலே அதன் பலம் கொஞ்சம் குறையும். மெல்லோட்டமும் காலை வீசுவதும் போதும்.

"கூட இழுத்தால் கூட வளையுதே?" அந்த நேரத்துக்கு வளையும், சரி. கொஞ்ச நேரத்தில் அது போய்விடும், கிழிந்தது அவ்வளவு கெதியில் போகாது. "வெளிநாட்டிலும் இப்படித்தானே?" அங்கேயும் பிள்ளைகள்தான் அழுகிறார்கள். "நீ என்ன பயிற்றுவிப்பாளரா?" இல்லை. அந்தக் கால் என்னுடையது.

வீடியோவில் பிள்ளை மூன்று தரம் "நோகுது" என்கிறது. எண்ணிப் பார்த்தேன். இவ்வளவு பேர் பார்த்தீர்களே, ஒருவர்கூட அதைக் கேட்டதாக எழுதவில்லை. எனக்கு அமுக்கினவரில்கூட இவ்வளவு கோபமில்லை, அவருக்கும் யாரோ அப்படித்தான் பழக்கியிருப்பார்கள்.

அன்றைக்குத் தோணியடியில் எங்களோடு எட்டுப் பேர் நின்றார்கள். ஒருத்தரும் "விடுங்க சேர்" என்று சொல்லவில்லை.